கண் திறக்காத குட்டிகளும் கத்திரி வெயிலும்

நாய்க்கு நாக்கில்தான் வியர்க்கும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நாக்கில் சொட்டுவது எச்சில். நாய்க்கு உண்மையில் வியர்ப்பது காலடியில், பாதத்தின் கீழே சொரசொரப்பாக இருக்கும் அந்தத் திண்டுகளில். அந்த வியர்வையும் உடம்பைக் குளிர வைக்கிற அளவுக்குக் கிடையாது. வளர்ந்த நாய்க்கே நிலைமை இதுதான் என்றால், பிறந்து சில நாட்களே ஆன குட்டியை நினைத்துப் பாருங்கள். அதற்கு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கத் தெரியாது, குளிரில் நடுங்கவும் தெரியாது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகள் அதற்கு ஒவ்வொன்றாக, வாரக் கணக்கில்தான் வந்து சேர்கின்றன. அதுவரை அந்த வேலையைத் தாய் பார்க்க வேண்டும். தாயால் முடியாத இடத்தில் நாம் பார்க்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது செவலை. சாத்தூர் பக்கம் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. செவலை எங்கள் வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். ஒரு சித்திரைக் கடைசியில், கத்திரி வெயில் ஆரம்பித்த கையோடு, ஏழு குட்டி போட்டது. மே மாதத்தில் எங்கள் பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. நாங்கள் தகரக் கொட்டகையில் ஒரு மரப்பெட்டியைச் சாக்கு விரித்துத் தயாராக வைத்திருந்தோம். செவலை அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோல் படப்புக்கு அடியில், வேப்ப மர நிழல் விழுகிற பக்கமாக மண்ணைப் பறித்துப் பள்ளம் செய்து அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மத்தியான நேரத்தில் அந்தப் பள்ளத்தில் கையை விட்டுப் பார்த்தேன். மேலே மண் சுட்டது, உள்ளே இதமாக இருந்தது. வெயிலில் மேல்மண் எவ்வளவு காய்ந்தாலும் கொஞ்சம் கீழே போனால் சூடு ஏறுவது மெதுவாகிவிடும். இரவில் இறங்குவதும் மெதுவாகத்தான். பகலும் இரவும் பெரிய வித்தியாசம் இல்லாத இடம். தகரக் கொட்டகை இதற்கு நேர் எதிர். பகலில் அடுப்படி மாதிரி இருக்கும், கோடை மழை பெய்த விடியற்காலையில் சில்லிட்டுப் போகும். குட்டி போடும் இடத்தைத் தாய் நாய் தானே தேர்ந்தெடுத்தால், அதை மாற்றுமுன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனாலும் நாங்கள் மாற்ற வேண்டியதாயிற்று. காரணம் எறும்பு. குட்டி ஈன்ற ஈரமும் பால் வாடையும் எறும்பை இழுத்துவிடும். கண் திறக்காத குட்டியால் எழுந்து ஓடவும் முடியாது, உதறவும் முடியாது. வயிற்றிலும் கண்ணோரத்திலும் கடித்தால் அப்படியே கத்திக்கொண்டு கிடக்கும். சமையலறைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட சாமான் அறை ஒன்று உண்டு. அங்கே செவலை படுத்திருந்த அதே துணியை முதலில் கொண்டுபோய் விரித்தோம். பிறகு குட்டிகளை அது பார்க்கப் பார்க்கத் தூக்கிப் போனோம். அதுவும் பின்னாலேயே வந்துவிட்டது. துணியைத் துவைக்காமல் கொண்டுபோனது முக்கியம். பாலூட்டும் நாயின் காம்புகளுக்கு இடையே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து, குட்டிகளை அமைதிப்படுத்தும் ஒரு வாசனைப் பொருள் வருகிறது. கண்ணும் காதும் திறக்காத குட்டிக்கு மூக்கும் தோலும்தான் உலகம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு மாட்டைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத்தான் முதலில் பார்த்தார்.

“வெயில் காலம்னு குட்டிகள காத்துக்கு நேரா போட்டுராதீங்க. நமக்குச் சுகமா இருக்கிற காத்து அதுக்குக் குளிரும்.”

“அப்போ இந்த வெக்கைக்கு என்னதான் மேடம் செய்யறது?”

“ஒரே சூடா வெக்காதீங்க. அதுவா நகர்ந்து போற மாதிரி ஒரு பக்கம் கொஞ்சம் சூடு, ஒரு பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. குட்டி நகரும். நகர்றது ஒண்ணுதான் அதுக்கு இப்போ தெரிஞ்ச வித்தை.”

குட்டி வளர்ப்பு பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதற்கு மேலான ஒன்று கிடையாது. நடுங்கவும் இரைக்கவும் தெரியாத உயிருக்கு ஊர்ந்து போக மட்டும் தெரியும். அதற்கு இடம் விட வேண்டும். நாங்கள் பெட்டியைச் சுவரோரம் பாதி, நடு அறையில் பாதியாக வைத்தோம். ஒரு பாதியில் மடித்த பருத்தித் துணி, மறு பாதியில் வெறும் பலகை. மின்விசிறியை நிறுத்தாமல், காற்று நேராகப் படாதபடி பெட்டியின் ஒரு பக்கத்தை உயர்த்தி மறைத்தோம். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டதும் உதவியது. எங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் அது வேலை செய்கிறது. கடலோர ஊர்க்காரர்கள் இதை அப்படியே செய்தால் அறைக்குள் புழுக்கம்தான் கூடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் சாக்கிலிருந்தும் நீர் ஆவியாகாது, தாயின் நாக்கிலிருந்தும் ஆவியாகாது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையால் தொட்டுப் பார்த்துக் குட்டிக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது. வளர்ந்த நாயின் உடல் சூடு ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பிறந்த குட்டிக்கு முதல் வாரம் 95 முதல் 98 வரைதான் இருக்கும். இரண்டாம் மூன்றாம் வாரங்களில் 97 முதல் 100. நான்காம் வாரம் முடியும்போதுதான் பெரிய நாயின் சூட்டுக்கு வந்து சேரும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் நுனி மட்டும் போகும்படி மெதுவாக வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்க வேண்டிய சூடு, முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ். அதற்குப் பிறகு 27ஐ ஒட்டி, ஒரு மாதம் ஆகும்போது 24 வரை இறங்கலாம். மார்கழியில் குட்டி போட்டால் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் மட்டும் குண்டு பல்பு தொங்கவிட்டு இதைக் கொண்டுவரலாம். மே மாதத்தில் கவலையே வேறு, அறைச் சூடு 32ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தெர்மாமீட்டர் இல்லாத நேரத்தில் குட்டிகள் கிடக்கும் விதமே சொல்லிவிடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கை காலைப் பரப்பிக்கொண்டு, விடாமல் முனகினால் சூடு தாங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் கிடந்து, தூக்கத்தில் அங்கங்கே துள்ளினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துள்ளலைப் பார்த்துப் பலர் வலிப்பு என்று பயப்படுகிறார்கள். பிறந்த குட்டிகள் தூங்கும்போது அப்படித்தான் துள்ளும். துள்ளாமல் துவண்டு கிடப்பதுதான் கவலைக்குரியது.

முதல் வாரத்தில் ஒரு நாள் விடிகாலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. செவலை குட்டிகளோடு மூலை மாறிப் படுத்திருந்தது. இருப்பதிலேயே சின்னக் குட்டி பலகைப் பக்கம் தனியாகக் கிடந்தது. எடுத்தபோது உடம்பு ஜில்லென்று இருந்தது, வாயைத் தொட்டால் சப்பவில்லை. மே மாதத்தில், அனல் வீசும் ஊரில், குளிரால் ஒரு குட்டி அந்த நிலைக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி பதறிப்போய், “யாத்தா, வாயில ரெண்டு சொட்டுப் பால விடு தாயி, தெம்பு வந்துரும்” என்றார். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் உடல் சூடு 94 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போன குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போகும் பால் செரிக்காமல் கிடந்து கெடும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடு, பிறகுதான் பால். அதைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெந்நீர்ப் பையை நேராக வைத்து அவசர அவசரமாகச் சூடேற்றினால் தோல் வெந்துபோகும், உள்ளே சூடு ஏறாது. கொஞ்சம் கொஞ்சமாக முனகத் தொடங்கி, விரலைச் சப்பத் தொடங்கியதும் செவலையின் பின்பக்கக் காம்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கேதான் பால் அதிகம் வரும். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது.

ஏன் இவ்வளவு சுலபமாகச் சூடு போய்விடுகிறது என்றால், எடைக்கு மீறிய தோல் பரப்பு அதற்கு. தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. நடுங்கிச் சூடு உண்டாக்கும் பழக்கம் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. சூடு அதிகமானாலும் இதே கதைதான். உடம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதைப் பிடித்து வைக்கும் சிறுநீரகமோ இன்னும் முதிரவில்லை. அதனால் வெக்கையில் சீக்கிரம் வறண்டுபோகும். தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் சோதனை இந்த வயதில் நம்பகமானது இல்லை. ஈறு ஈரமாக இருக்கிறதா, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல். அதைவிட மேல், சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுவது. பிறந்த எடை எட்டு முதல் பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். எடை ஏறாத குட்டி, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏதோ ஒரு சிக்கலில் இருக்கிறது.

இரண்டு வாரத்தையொட்டிக் கண் திறந்தது. காதும் திறந்தது. மூன்றாம் வாரத்தில் தள்ளாடி எழுந்து நிற்கத் தொடங்கின. அப்போதுதான் முதன்முதலாக ஒரு குட்டி வயிற்றைத் தரையில் பரத்திப் படுத்து, குட்டி நாக்கை நீட்டி இரைப்பதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு குட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டிருந்தால் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருப்பேன், ஏனென்றால் முதல் வாரங்களில் வாய் வழி மூச்சு ஆபத்தின் அறிகுறி. மூன்று வாரத்துக்குப் பிறகு இரைப்பது, ஒரு முக்கியமான ஏற்பாடு வந்து சேர்ந்ததன் அறிகுறி.

இந்த இரைப்பு லேசான விஷயம் இல்லை. வெக்கையில் நாய் வெறுமனே வேகமாக மூச்சு விடுவதில்லை. நிமிடத்துக்கு 30, 40 என்றிருக்கும் மூச்சு ஒரேயடியாக 300ஐ ஒட்டித் தாவிவிடும். நெஞ்சுக்கூட்டின் இயல்பான அதிர்வு வேகம் அதுதான் என்பதால் அந்த வேகத்தில் மூச்சுவிடுவதற்குச் சிரமம் குறைவு. 1970இல் விலங்கு உடலியல் ஆய்வாளர் க்னுட் ஷ்மிட் நீல்சனும் உடனிருந்தவர்களும் காட்டியது இன்னும் அழகு: இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விடுகிறது. காற்று ஒரே திசையில், ஈரமான மூக்குப் பாதையைத் தாண்டி ஓடுகிறது. அந்த ஈரத்தைக் கொடுக்க மூக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு சுரப்பியே இருக்கிறது. மனித உடம்பு முழுக்கப் பரவிக்கிடக்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் செய்யும் வேலையை, நாய் தன் மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டிருக்கிறது. பக், புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கிய இனங்கள் நம் ஊர் வெயிலில் படும் பாட்டுக்கு இதுதான் காரணம். அவற்றை ஆசைக்கு வாங்குபவர்கள் வாங்கும் முன்பு இதை யோசிக்க வேண்டும்.

சரி, வியர்வைச் சுரப்பிக்கு வருகிறேன். நாயின் உடம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று அபோக்ரைன். உடம்பு முழுக்க ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டிக்கொண்டிருப்பது. அதிலிருந்து வருவது கெட்டியான, எண்ணெய்ப் பசை கலந்த சுரப்பு. நாயின் மேல் வரும் வாடைக்கு அதற்கும் பங்கு உண்டு. 1951இல் அவோக்கி, வாடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், மயிர் உள்ள தோலிலும் இந்தச் சுரப்பிகள் வேலை செய்கின்றன என்று காட்டினார்கள். தோலின் ஓர் இடத்தை மட்டும் சூடாக்கினால் அங்கே சுரக்கும்; ஆனால் நாயின் உடம்பே சூடானாலும் அதைக் குளிர வைக்க அவை சுரப்பதில்லை. இரண்டாவது வகை எக்ரைன், நமக்கு இருப்பது போன்ற நீர்த்த வியர்வை. அது பாதத் திண்டுகளில் மட்டும்தான், திண்டின் உள்ளே இருக்கும் கொழுப்பு மெத்தைக்குள் சுருண்டு கிடக்கிறது. அதன் முதல் வேலை பிடிமானம். கிணற்றில் கயிறு இழுக்கிறவர் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொள்வது போல, ஓடவும் ஏறவும் காலடி வழுக்காமல் இருக்க அந்த ஈரம். பயத்திலும் அது சுரக்கும்.

செவலையின் குட்டிகளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மருத்துவமனை எஃகு மேசையில் இறக்கிவிட்டதும் கால் வைத்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஈரத் தடம். சிறுநீர் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். “அது வேர்வைங்க, பயந்து போயிருக்கு” என்றார் மருத்துவர். பிறந்த வாரம் அந்தப் பாதங்களைத் தொட்டபோது ரோஜா நிறத்தில், பஞ்சு மாதிரி, காய்ந்து கிடந்தன. சில வாரங்களில் நிறம் கறுத்து, தோல் தடித்து, சொரசொரப்பு வந்து, இப்போது ஈரத் தடமும் பதிக்கின்றன.

அந்தத் தடம் பதிக்கிற அளவுக்கு வருவதற்குள் உள்ளே நடப்பதைத் தேடிப் படித்தேன். எலிக் குட்டிகளில் இதை விவரமாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஸ்டோரி லேண்டிஸ் 1980களில் செய்த வேலை அது. எலியின் பாதத்தில் சுரப்பிகள் பிறப்பை ஒட்டித்தான் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றைத் தேடி வரும் நரம்புகள் முதலில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளால் பேசுகின்றன. சுரப்பியைத் தொட்ட பிறகு, அந்தச் சுரப்பி தரும் குறிப்பின்படி நரம்பு தன் பேச்சை அசெட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளுக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் நடக்கும்போதுதான், இரண்டாம் மூன்றாம் வாரங்களில், வியர்வை வரத் தொடங்குகிறது. சுரப்பி இருந்தால் மட்டும் போதாது. நரம்பு வந்து சேர வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று பழக்க வேண்டும்.

நாயில் இதைவிட என்னை நெகிழ வைத்த ஒரு ஆய்வு உண்டு. எக்டோடிஸ்பிளாசின் என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் நாய்கள் இருக்கின்றன. மரபணுக் குறைபாடு அது. பற்கள் பல இருக்காது, இருப்பவை கூம்பு கூம்பாக இருக்கும், நெற்றியிலும் பின்பக்கத்திலும் மயிர் இருக்காது, பாதத் திண்டுகளில் வியர்வைச் சுரப்பி இருக்காது. இதே நோய் மனிதருக்கும் வரும். சிந்துப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்குப் பல்லும் முடியும் குறைந்து, வெயில் காலத்தில் தோல் வறண்டு துன்பப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி சார்லஸ் டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மார்க்ரெட் கேசல் என்பவரும் மற்றவர்களும் இந்தக் குறைபாட்டோடு பிறந்த நாய்க்குட்டிகளுக்கு, பிறந்த சில நாட்களிலேயே, அந்தப் புரதத்தை ஊசி மூலம் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. அந்தக் குட்டிகளுக்கு நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் சரியாக முளைத்தன, பாதத்தில் வியர்வையும் வந்தது.

அதாவது நாய்க்குப் பிறந்த பிறகும் கொஞ்ச நாள் அந்தக் கதவு திறந்திருக்கிறது. மனிதருக்கு அது முன்பே மூடிவிடுகிறது. கருவில் மூன்றரை மாதத்தையொட்டியே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சுரப்பிகள் அரும்பத் தொடங்கிவிடுகின்றன. இந்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதே புரதத்தைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை. பிறகு ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் குழுவினர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குடத்துக்குள் செலுத்தினார்கள். அப்படிப் பிறந்த குழந்தைகள் வியர்த்தார்கள் என்று 2018இல் அறிவித்தார்கள். வீட்டு மூலையில் கிடக்கும் நாய்க்குட்டியின் பாதத்தில் நடக்கும் ஒன்று, வெயிலில் வெளியே போக முடியாமல் இருந்த பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்கிறது.

வீட்டில் குட்டி வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பால் பற்கள் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வரும். பற்கள் குறைவாகவும் ஊசி மாதிரியும் வந்து, நெற்றியில் பிறந்ததிலிருந்தே மயிரில்லாமல் இருந்தால், சொறி என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் பல்லையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நாய்க்குட்டிக்கு வேர்க்குரு பவுடர் போடும் பழக்கத்தை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மயிர் உள்ள தோலில் நமக்கு வருவது போன்ற வியர்வையே இல்லாதபோது வேர்க்குரு எங்கிருந்து வரும்? அந்தத் தூளைக் குட்டி மூச்சில் இழுக்கும், தாய் நக்கி விழுங்கும். மொட்டையடிப்பதும் அப்படித்தான். மயிரை ஒட்டச் சிரைத்துவிட்டால் தோல் வியர்த்துக் குளிர்ந்துவிடாது, நேராக வெயில் படும். அதுவும் ராஜபாளையம் மாதிரி வெள்ளை மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள இனங்களுக்கு அது கொடுமை.

பாதத்தைக் காப்பாற்றுவதில்தான் நம் வீடுகளில் அதிகக் கவனம் வேண்டும். குட்டி ஓடத் தொடங்கும் நான்காம் ஐந்தாம் வாரத்தில் திண்டு இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். மொட்டை மாடித் தளமும் சிமெண்ட் முற்றமும் தார்ச் சாலையும் மத்தியானம் மட்டுமல்ல, சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழெட்டு நொடி பொறுக்க முடியாவிட்டால் குட்டியை அங்கே விடக்கூடாது. பாதத்தை டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவாதீர்கள், அந்தத் தோலுக்கு அது எரிச்சல், நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். வெறும் தண்ணீரில் கழுவி விரலிடுக்கைத் துடைத்துவிட்டால் போதும். விரலிடுக்கில் லேசாக வரும் புளித்த வாடை ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்களால் வருவது, அது இயல்பு. சிவந்து, எந்நேரமும் நக்கிக்கொண்டே இருந்தால்தான் காட்ட வேண்டும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அகலமான, ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். தாய்க்கு எந்நேரமும் நிறையத் தண்ணீர் வேண்டும், பால் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

தாயின் இரைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதைத் தெரியாமல் நாயை இழந்தவர்கள் உண்டு. குட்டி போட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், பால் அதிகம் குடிக்கும் நேரத்தில், தாயின் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறையலாம். சின்ன இன நாய்களுக்கு அதிகம் வரும். அது நிலைகொள்ளாமல் இரைக்கும், நடக்கும்போது கால் விறைக்கும், உடம்பு நடுங்கும், உடல் சூடு ஏறும். வெயில் காலத்தில் இதைப் பார்க்கும் யாரும் வெக்கை என்றுதான் நினைப்பார்கள். குளிர்ந்த அறையிலும் இரைப்பு நிற்கவில்லை, உடம்பு உதறுகிறது என்றால் அப்போதே குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நரம்பில் கால்சியம் ஏற்றினால் கண்ணெதிரே தெளியும். தாமதித்தால் வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

வெயிலே தாக்கியிருந்தால், அது குட்டியானாலும் பெரிய நாயானாலும், முதலில் குளிர வைத்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடிவிடாதீர்கள். காற்று பட்டு ஆவியானால்தான் சூடு போகும், மூடினால் உள்ளேயே நிற்கும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் விடக்கூடாது. சின்னக் குட்டியாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சூடு பார்த்து, இயல்புக்கு வரும்போது நிறுத்திவிட வேண்டும். அது ஒரு பக்கம் சூட்டில் போனது போல, மறு பக்கம் குளிரிலும் வேகமாகப் போய்விடும்.

எட்டு வாரம் ஆன பிறகு குட்டிகளை நல்ல வீடுகளாகப் பார்த்துக் கொடுத்தோம். வாங்க வந்த ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்கு அட்டைப் பெட்டியும் கயிறுமாக வண்டியில் வந்து நின்றார். கோவில்பட்டி வரை போக வேண்டும். “அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க, காலைல ஆறு மணிக்கு வாங்க, நானே கூடையில வெச்சுத் தாரேன்” என்று சொல்லி அனுப்பினேன். மூடிய அட்டைப் பெட்டிக்குள் குட்டி இரைக்க இரைக்க உள்ளே ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் ஆவியாவது நிற்கும், அதற்கப்புறம் எவ்வளவு இரைத்தாலும் பலன் இல்லை. மறுநாள் விடிகாலையில் வந்தார். மூங்கில் கூடையில், செவலையின் துணித் துண்டு ஒன்றை அடியில் போட்டு, மேலே வலைத் துணி கட்டிக் கொடுத்தேன். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டச் சொன்னேன். மற்ற குட்டிகளைக் கேட்டு வந்தவர்களுக்கும் நேரம் முதலில் சொன்னேன், பிறகுதான் குட்டியைக் காட்டினேன்.